பிட்காயின் கோர் வாலட்டை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது: உபுண்டு, பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி ராம்

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், புதிதாகப் போட்ட 1 டிபி எஸ்எஸ்டி. உபுண்டு 24.04 ஏற்றியிருக்கிறேன். இதில் பிட்காயின் வலையமைப்பை இயக்கும் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரை ரெடிமேடாக இறக்காமல், சோர்ஸ் கோடிலிருந்து (மூலநிரல்) நானே கம்பைல் செய்து, அதாவது ஓடும் புரோகிராமாக மாற்றி, அதையே வாலட்டாக வைத்துக்கொள்ள ஆசை.

என்னிடம் இருப்பது சிறிய தொகைதான். ஆனால் 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போய், அங்கே வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் எடுக்க முடியாமல் நின்றதைப் பார்த்த பிறகு எக்ஸ்சேஞ்சில் விட்டுவைக்க மனம் வரவில்லை.

இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியைப் பின்பற்றினேன். முதலில் ஆட்டோஜென் ஸ்கிரிப்ட், அடுத்து கான்ஃபிகர், கடைசியில் மேக் என்று போட்டிருக்கிறது. கிட்ஹப் தளத்தில் உள்ள ரெப்போவை (சோர்ஸ் ஃபைல்களின் களஞ்சியம்) குளோன், அதாவது முழு நகல், செய்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஆட்டோஜென் என்ற ஃபைலே இல்லை. பெர்க்லி டிபி 4.8 என்ற தரவுத்தள லைப்ரரியைத் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அது எங்கே கிடைக்கும்? நான் தவறான இடத்திலிருந்து குளோன் செய்துவிட்டேனா?

நிரல்தச்சன்

இடம் சரிதான், வழிகாட்டிதான் பழசு. பிட்காயின் கோர் 29-ஆம் பதிப்பில், அதாவது 2025 ஏப்ரலில், ஆட்டோஜென் போன்றவை அடங்கிய ஆட்டோடூல்ஸ் என்ற பழைய பில்ட் முறையை விட்டு சிமேக் என்ற வேறு பில்ட் கருவிக்கு முழுசாக மாறிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட கம்பைல் குறிப்புகள் எதுவும் இப்போது அப்படியே ஓடாது. ரெப்போவுக்கு உள்ளேயே 'டாக்' ஃபோல்டரில் யூனிக்ஸுக்கான பில்ட் குறிப்பு இருக்கிறது. நீங்கள் கம்பைல் செய்யப்போகும் அதே பதிப்போடு வருவது என்பதால் அதை மட்டும் பாருங்கள்.

பெர்க்லி டிபி கவலையும் வேண்டாம். 2022-இல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்தே புதிய வாலட்கள் டிஸ்கிரிப்டர் என்ற புதிய வகையாகத்தான் உருவாகின்றன. அவை எஸ்கியூலைட் என்ற வேறு தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. 30-ஆம் பதிப்பில் பழைய வகை வாலட்டையே எடுத்துவிட்டார்கள். யாரிடமாவது பழைய வாலட் ஃபைல் இருந்தால் அதைப் புதிய வகைக்கு மாற்ற 'மைக்ரேட் வாலட்' கட்டளை உண்டு. அதற்கும் பெர்க்லி டிபி வேண்டியதில்லை.

உங்களுக்குத் தேவையானவை: கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும், சிமேக், பைதான் 3, பூஸ்ட், லிப்ஈவென்ட், எஸ்கியூலைட்டின் 'டெவ்' பேக்கேஜ். திரையில் பட்டன் பார்த்து வேலை செய்ய வேண்டுமென்றால் க்யூடி 6. எல்லாமே உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டில் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. குளோன் செய்ததும் நேராக பில்டுக்குப் போகாதீர்கள். குளோன் செய்தவுடன் நீங்கள் நிற்பது மாஸ்டர் கிளையில். வேலை நடந்துகொண்டே இருக்கிற இடம் அது, காசு வைக்கிற வாலட்டுக்கு ஆகாது. வெளியிடப்பட்ட ஒரு பதிப்பைக் குறிக்கும் டேக்குக்கு மாறுங்கள். மாறிய பிறகு 'கிட் வெரிஃபை-டேக்' கொடுத்து அந்த டேக்கில் பராமரிப்பாளர் இட்ட டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாருங்கள். இதைச் செய்யாவிட்டால் மிச்ச உழைப்பு அத்தனையும் வீண்.

தாமரைக்குளம்

நிரல்தச்சன் கடைசியாகச் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். கையொப்பத்தைப் பார்க்காமல் சோர்ஸைக் கம்பைல் செய்வதைவிட, கையொப்பத்தைப் பார்த்து பைனரியை (ஏற்கெனவே கம்பைல் செய்த ரெடிமேட் புரோகிராம்) இறக்குவது எவ்வளவோ மேல். 'நானே கம்பைல் செய்தேன்' என்ற நிம்மதி பலருக்கு வந்துவிடுகிறது. ஆனால் எதைக் கம்பைல் செய்தோம் என்பதுதான் கேள்வி. கிட்ஹப்பில் வாலட்களின் பெயரைச் சற்றே மாற்றி, சோர்ஸையும் முழுசாக வைத்து, சாவியைத் திருடும் சில வரிகளை உள்ளே நுழைத்த ரெப்போக்கள் வந்துபோய்க்கொண்டேதான் இருக்கின்றன. அவையும் பிழையில்லாமல் கம்பைல் ஆகும்.

2018 டிசம்பரில் எலக்ட்ரம் வாலட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருடர்கள் தங்கள் சர்வர்களை அந்த வலையமைப்பில் சேர்த்தார்கள். பயனர் பணம் அனுப்பும்போது, 'அப்டேட் செய்யுங்கள்' என்று வாலட்டின் திரையிலேயே செய்தி வரவைத்தார்கள். அந்தச் சுட்டியில் இருந்தது போலி எலக்ட்ரம். ஒரிஜினல் மென்பொருளுக்குள்ளேயே வந்த செய்தி என்பதால் நம்பினார்கள், 200 பிட்காயினுக்கு மேல் போனது. இறக்கிய ஃபைலின் கையொப்பத்தைப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே பிடிபட்டிருக்கும்.

நேர்மாறான கதையும் உண்டு. 2019 நவம்பரில் மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ காயினின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கட்டளைவரி வாலட்டுக்குப் பதிலாகக் களவு மென்பொருள் வைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் இறக்கிய ஃபைலின் ஹேஷை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து வரும் அடையாள எண்) கணக்கிட்டு, வெளியிடப்பட்ட ஹேஷோடு பொருந்தவில்லையே என்று கேட்டார். அதனால்தான் சீக்கிரம் வெளியே வந்தது.

கரிசல்மண்

நன்றி அக்கா, நன்றி தச்சன் அண்ணா. டேக்குக்கு மாறிவிட்டேன். வெரிஃபை கொடுத்தால் 'பப்ளிக் கீ இல்லை, சரிபார்க்க முடியவில்லை' என்று வருகிறது. கீயை எங்கிருந்து எடுப்பது? ரெப்போவிலேயே நம்பகமான கீகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டால் போதுமா?

தாமரைக்குளம்

போதாது. ரெப்போவே போலியாக இருந்தால் அந்தப் பட்டியலும் போலிதானே. பூட்டும் சாவியும் ஒரே ஆளிடம் வாங்கிய மாதிரி ஆகிவிடும்.

பராமரிப்பாளர்களின் பப்ளிக் கீகள் 'கைக்ஸ் சிக்ஸ்' என்ற தனி ரெப்போவில் 'பில்டர் கீஸ்' ஃபோல்டரில் கிடைக்கும். டேக்கில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் மைக்கேல் ஃபோர்டு அல்லது ஏவா சோ. கீயை ஜிபிஜி என்ற கையொப்பம் சரிபார்க்கும் கருவியில் ஏற்றிய பிறகு, அதன் ஃபிங்கர்பிரிண்டை, அதாவது அந்த 40 எழுத்துகளையும், குறைந்தது இன்னும் இரண்டு இடங்களில் ஒப்பிடுங்கள். அவர்களின் சொந்தத் தளம், கீ சர்வர், பழைய மின்னஞ்சல் குழுப் பதிவு, உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முன்பே சேமித்து வைத்திருக்கும் கீ, எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கடைசி எட்டு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். அந்த எட்டு எழுத்து பொருந்துகிற மாதிரி வேறொரு கீயை உருவாக்குவது இன்று சுலபம்.

எல்லாம் சரியாக இருந்தால் 'குட் சிக்னேச்சர்' என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழேயே 'இந்தக் கீ நம்பகமான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை' என்று ஓர் எச்சரிக்கையும் வரும். பயப்பட வேண்டாம். அந்தக் கீ இன்னாருடையதுதான் என்று நீங்கள் ஜிபிஜியிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஃபிங்கர்பிரிண்டை ஒப்பிட்டுப் பார்த்தது அதற்காகத்தான். 'பேட் சிக்னேச்சர்' என்று வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கரிசல்மண்

குட் சிக்னேச்சர் வந்துவிட்டது. ஃபிங்கர்பிரிண்ட் மூன்று இடத்திலும் பொருந்துகிறது.

ஆனால் சிமேக் முதல் படியிலேயே நிற்கிறது. 'கேப்ன் புரோட்டோ' கிடைக்கவில்லை என்கிறது. நீங்கள் கொடுத்த பட்டியலில் அது இல்லையே?

நிரல்தச்சன்

30-ஆம் பதிப்பில் பிராசஸ்களுக்கு இடையிலான தொடர்பு வசதி இயல்பாகவே ஆன் ஆகி வருகிறது, அதற்குத்தான் அந்த லைப்ரரி. வாலட்டுக்கு மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அது தேவையில்லை. சிமேக் கட்டளையில் 'எனேபிள் ஐபிசி' விருப்பத்தை ஆஃப் என்று கொடுத்துவிடுங்கள். அப்படியே, திரையில் பட்டன்கள் வரும் வடிவத்துக்கான (பிட்காயின் க்யூடி) 'பில்ட் ஜியுஐ' விருப்பத்தை ஆன் செய்யுங்கள். அது இயல்பில் ஆஃபாக இருக்கும். இதைக் கவனிக்காமல் பலர் கம்பைல் முழுவதையும் முடித்துவிட்டு, 'பிட்காயின் க்யூடி எங்கே, பிட்காயின்டி மட்டும்தான் இருக்கிறது' என்று வந்து நிற்கிறார்கள்.

முதல் படி முடிந்ததும் திரையில் ஒரு சுருக்கம் வரும். ஜியுஐ, வாலட் இரண்டுக்கும் எதிரே ஆன் என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

கரிசல்மண்

சுருக்கம் சரியாக வந்தது. பில்ட் ஓட ஆரம்பித்தது. வேகமாக முடியட்டும் என்று 'ஜே 4' கொடுத்தேன். 30 சதவீதத்துக்கு மேல் போனதும் கம்ப்யூட்டரே உறைந்து, மவுஸ் கூட நகரவில்லை. அப்புறம் 'கில்டு... சிசி1பிளஸ்' என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. கோடில் பிழையா?

ஈயப்பற்று

கோடில் பிழை இல்லை, ராம் தீர்ந்துவிட்டது. சிசி1பிளஸ் என்பதுதான் சி++ கம்பைலரின் உள்ளே வேலை செய்கிற புரோகிராம். நினைவகம் போதாமல் போனதும் கர்னல் அதைக் கொன்றுவிட்டது. கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், கடைசி வரிகளில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருக்கும்.

பிட்காயின் கோர் குறிப்பிலேயே கம்பைல் செய்யக் குறைந்தது 1.5 ஜிபி நினைவகம் கையிருப்பில் இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் நான்கு கம்பைலரை ஒரே நேரத்தில் ஓடவிட்டீர்கள். மொத்தமே 4 ஜிபி, அதில் டெஸ்க்டாப்பும் பிரௌசரும் பாதியைத் தின்றுவிடும். 'ஜே 1' கொடுங்கள். பிரௌசரை மூடிவிடுங்கள். 4 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைலும் (டிஸ்கின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்துவது) போட்டுவைத்தால் நல்லது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஏற்கெனவே கம்பைல் ஆன ஃபைல்கள் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்துதான் தொடரும்.

பழைய மெஷின் என்கிறீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று வந்து, மறுபடி ஓட்டினால் வேறு ஃபைலில் அதே பிழை வந்தால், சந்தேகப்பட வேண்டியது ராம் ஸ்டிக்கை. மணிக்கணக்கில் ராமை முழுசாகப் பயன்படுத்துகிற வேலை கம்பைல். சாதாரணமாகத் தெரியாத கோளாறு அதில்தான் தலைகாட்டும். ஸ்டிக்கைக் கழற்றி, பொன்னிறக் காண்டாக்ட்டைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துப் போட்டு, மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனையை ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். அதில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராமில் வாலட் வைக்க வேண்டாம். கெட்ட ராம் பிளாக் தரவையும் கெடுக்கும்.

கடலோரம்

இடையில் புகுந்து ஒரு கேள்வி. இத்தனை பாடு எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. பிட்காயின் கோர் 22-ஆம் பதிப்பிலிருந்து கைக்ஸ் என்ற கருவி மூலம் பில்ட் செய்யப்படுகிறது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பலர் அவரவர் கம்ப்யூட்டரில் தனித்தனியாக பில்ட் செய்கிறார்கள். எல்லோருக்கும் பைட் பைட்டாக ஒரே பைனரி வந்தால்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்படிச் சரிபார்க்கப்பட்ட பைனரியை விட, ஒருவர் தன் வீட்டில் தன் கம்பைலரில் செய்தது எப்படிப் பாதுகாப்பானது? உபுண்டுவின் கம்பைலரையும் லைப்ரரிகளையும் அவர் நம்பித்தானே ஆகவேண்டும்? மூலநிரலில் தடயமே இல்லாமல் கம்பைலருக்குள் கள்ளக்கதவு வைக்க முடியும் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1984-லேயே காட்டிவிட்டார்.

நிரல்தச்சன்

நியாயமான கேள்வி. பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், சரிபார்த்த கைக்ஸ் பைனரி வீட்டு பில்டை விட ஒரு படி மேல்தான், அதை மறுக்க மாட்டேன். தாம்ஸன் எழுப்பிய சிக்கலுக்கும் இன்றுவரை வந்திருக்கும் நல்ல பதில் கைக்ஸ் பக்கத்திலிருந்துதான். 2023-இல் அவர்கள் தங்கள் கருவிகள் அத்தனையையும் 357 பைட் அளவே உள்ள ஒரு சின்னஞ்சிறு புரோகிராமிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்பிக் காட்டினார்கள். 357 பைட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துவிட முடியும்.

ஆனால் அந்தப் பலர் கையெழுத்துப் போடுவதற்கே, சோர்ஸிலிருந்து பில்ட் செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். கரிசல்மண் இன்று சிமேக்கில் தொடங்குகிறார். நாளை கைக்ஸ் பில்டையும் ஓட்டிப் பார்க்கலாம். தமிழ் பேசுகிற ஊர்களிலிருந்து அந்தப் பட்டியலில் ஆட்கள் சேர வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எல்லோரும் பைனரியே எடுத்தால், அந்த பைனரியைச் சரிபார்க்க யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

லைப்ரரி பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. 2018 நவம்பரில் கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தவர்கள் அதன் கோடைத் தொடவேயில்லை. அது பயன்படுத்திய ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் (என்பிஎம்) பேக்கேஜின் பராமரிப்புப் பொறுப்பை நல்லபடியாகக் கேட்டு வாங்கி, அதன் வழியாக நுழைந்தார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் லைப்ரரியில் நடந்தது இன்னும் நுட்பம். களவுக் கோடு டெஸ்ட் ஃபைல் வேடத்தில் கிட்டிலேயே கிடந்தது. அதை எழுப்பிவிடும் ஸ்கிரிப்ட் வெளியீட்டுத் தார்பாலில் (சோர்ஸை ஒரே ஃபைலாகச் சுருக்கித் தருவது) மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் சிக்கியது. அதனால்தான் நான் எப்போதும் தார்பாலை எடுக்காமல், கையொப்பமிட்ட கிட் டேக்கிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். தேவையில்லாத வசதிகளை ஆஃப் செய்து லைப்ரரி எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதும் இதனால்தான்.

கரிசல்மண்

ராத்திரி ஜே 1-இல் ஓடவிட்டேன், காலையில் 100 சதவீதம். பில்ட் ஃபோல்டருக்குள் 'பின்' என்ற இடத்தில் பிட்காயின் க்யூடி இருக்கிறது! சிடெஸ்ட் என்ற தானியங்கிச் சோதனைகளையும் ஓட்டினேன், எல்லாம் பாஸ். ஈயப்பற்று அண்ணாவுக்குத் தனி நன்றி.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. நான் கம்பைல் செய்த பைனரியின் ஷா256 ஹேஷை எடுத்து, அதிகாரபூர்வத் தளத்தில் இருக்கும் பைனரியின் ஹேஷோடு ஒப்பிட்டேன். இரண்டும் வேறுவேறாக இருக்கின்றன. ஏதோ நுழைந்துவிட்டதா?

தாமரைக்குளம்

இல்லை. வேறாக இருப்பதுதான் இயல்பு. கம்பைலரின் பதிப்பு, லைப்ரரிகளின் பதிப்பு, நீங்கள் கொடுத்த விருப்பங்கள், ஃபோல்டரின் பாதை என்று எது மாறினாலும் பைனரி மாறும். ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். அதே ஹேஷ் வரவேண்டுமென்றால் அதே சூழலில் பில்ட் செய்ய வேண்டும். கடலோரம் சொன்ன கைக்ஸ் அதற்குத்தான். உங்கள் வகை பில்டில் சரிபார்க்க வேண்டியது சோர்ஸைத்தான், அதை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். ஒரு தடவை 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்து, டேக்கிலிருந்து எந்த ஃபைலும் மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே மெயின்நெட்டில் (நிஜ பிட்காயின் ஓடும் வலையமைப்பு) காசு போடாதீர்கள். சிக்நெட் என்ற சோதனை வலையமைப்பில் திறந்து, அங்கே இலவசமாகக் கிடைக்கும் சோதனைக் காயினை வாங்கி, அனுப்பி, பெற்று, பேக்கப் எடுத்து, அந்த வாலட்டை அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரிசல்மண்

பேக்கப் என்றதும், மற்ற பல வாலட்கள் தரும் 12 மீட்பு வார்த்தைகளைத் தேடினேன். வாலட் உருவாக்கும்போது எங்கேயும் வரவில்லையே?

தாமரைக்குளம்

வராது. பிட்காயின் கோர் 12 அல்லது 24 வார்த்தை முறையைப் பயன்படுத்துவதில்லை. இங்கே பேக்கப் என்றால் வாலட் ஃபைல்தான். ஃபைல் மெனுவில் 'பேக்கப் வாலட்' இருக்கிறது.

வரிசை முக்கியம். வாலட்டை உருவாக்கும் திரையிலேயே 'என்கிரிப்ட்' பெட்டியை டிக் செய்து பாஸ்ஃபிரேஸ் கொடுத்துவிடுங்கள். முதலில் என்கிரிப்ட் செய்யாமல் உருவாக்கிவிட்டுப் பின்னால் செய்தால் அந்த நேரத்தில் புதுச் சாவிகள் உருவாகும். அதற்கு முன் எடுத்த பேக்கப்பில் அவை இருக்காது. ஆகவே என்கிரிப்ட் முதலில், பேக்கப் அப்புறம்.

பேக்கப்பை இரண்டு தனித்தனி பென்டிரைவில், இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். பாஸ்ஃபிரேஸைக் காகிதத்தில் எழுதி, பென்டிரைவோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் மீட்டுத்தர யாரும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் போல 'மறந்துவிட்டேன்' பட்டன் கிடையாது. வீட்டில் இன்னொருவருக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்கட்டும்.

ஈயப்பற்று

மெயின்நெட்டுக்குப் போகும்முன் என் பங்குக்குக் கொஞ்சம்.

முழுச் சங்கிலி (பிளாக்செயின், எல்லாப் பரிவர்த்தனைகளின் பதிவு) இப்போது 600 ஜிபிக்கு மேல். 2009 ஜனவரி 3-ஆம் தேதியின் முதல் பிளாக்கிலிருந்து அத்தனையும் இறங்கிச் சரிபார்க்கப்படும். உங்கள் பிராட்பேண்டில் மாத வரம்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 'ப்ரூன்' போட்டால் டிஸ்கில் பழைய பிளாக்குகளை அழித்து 550 எம்பி வரை குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இறக்குவது என்னவோ முழுசாகத்தான். அதோடு ப்ரூன் செய்த நோடில் (சங்கிலியை வைத்து ஓடும் உங்கள் பிட்காயின் கோர்) பழைய பேக்கப் ஒன்றை மீட்டால், அழிந்துபோன பிளாக்குகளில் உள்ள பரிவர்த்தனைகளை அதனால் மறுபடி தேடிப் பார்க்க முடியாது. உங்களிடம் 1 டிபி எஸ்எஸ்டி இருக்கிறது, ப்ரூன் வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது கரண்ட். ஒத்திசைவு, அதாவது சங்கிலியை இறக்கிச் சரிபார்ப்பது, நடக்கும்போது பவர் போனால் செயின்ஸ்டேட் தரவு (செலவாகாத காயின்களின் கணக்கு) கெட வாய்ப்பிருக்கிறது. அப்படிக் கெட்டால் 'ரீஇன்டெக்ஸ்' செய்யச் சொல்லும், அதாவது அந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். உங்கள் மெஷினில் அது நாள்கணக்கில் இழுக்கும். ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிப் போடுங்கள். மூடும்போதும், 'மூடும் வரை கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று வரும் பெட்டி தானாகப் போகிறவரை காத்திருங்கள். அந்த நேரத்தில்தான் நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதுகிறது.

கரிசல்மண்

சிக்நெட்டில் அனுப்பிப் பெற்றுப் பார்த்தேன். பேக்கப்பை வேறு பெயரில் மீட்டேன், அதே இருப்பு, அதே முகவரிகள். யுபிஎஸ் வந்ததும் மெயின்நெட் ஒத்திசைவை ஆரம்பிக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: புதுப் பதிப்பு வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

நிரல்தச்சன்

வேண்டாம். வாலட்டும் சங்கிலியும் உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள தரவு ஃபோல்டரில் இருக்கின்றன, சோர்ஸ் ஃபோல்டரோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. வாலட்டை மூடி, புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, 'கிட் ஃபெட்ச்' கொடுத்துப் புது டேக்குகளை வாங்குங்கள். புது டேக்கை வெரிஃபை செய்யுங்கள். கீ ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது என்பதால் இந்த முறை நொடியில் முடியும். முன்பு பார்க்காத வேறு கீயில் கையெழுத்து இருந்தால் மட்டும் ஃபிங்கர்பிரிண்ட் ஒப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும். அந்தப் பதிப்பின் ரிலீஸ் நோட்ஸை, குறிப்பாக வாலட் பகுதியை, படியுங்கள். அப்புறம் பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு சிமேக்கை அதே விருப்பங்களோடு ஓட்டுங்கள். பழைய பில்ட் மேலேயே ஓட்டினால் முந்தைய அமைப்புகள் ஒட்டிக்கொண்டு புரியாத பிழைகள் வரும். கொடுத்த சிமேக் கட்டளையை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இப்போதே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.